முதலில் தாளைத் தேடுங்கள்: மறந்துபோன ஓர் ஓபராவை மேடையேற்ற நினைப்பவர்களுக்கு

1906 நவம்பர், ஜெர்மனியின் லைப்சிக் நகரம். ஒரு புது ஓபராவின், அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகத்தின், முதல் நாள். பார்க்க வந்தவர்களுக்குப் பிடித்திருந்தது. இசை எழுதியவருக்கு மட்டும் வயிறு எரிந்தது. மூன்றாம் அங்கத்தை, ஆர்கெஸ்ட்ராவை நடத்திய கண்டக்டர் தன் இஷ்டத்துக்கு வெட்டியிருந்தார். வெட்டியதைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி எழுதியவர் கேட்டார், நடக்கவில்லை. நேரே அரங்கத்துக்குப் போனார், ஆர்கெஸ்ட்ரா உட்காரும் குழிக்குள் இறங்கினார், ஸ்டாண்டுகளில் இருந்த வாத்தியத் தாள்களையும் முழு ஸ்கோரையும் வாரிக்கொண்டு பிராக் நகரத்துக்கு ரயிலேறிவிட்டார். லைப்சிக்கில் அந்த ஓபரா அத்தோடு நின்றது. பிராக்கில் ஒத்திகை போதாமல் சொதப்பியது.

அவர் இங்கிலாந்தின் பெண் இசையமைப்பாளர் எதல் ஸ்மைத். 1858இல் பிறந்து 1944இல் இறந்தவர். அந்த ஓபரா 'தி ரெக்கர்ஸ்'. கார்ன்வால் கடற்கரைக் கிராமம் ஒன்று, புயல் இரவுகளில் கலங்கரை விளக்கை அணைத்துக் கப்பல்களைப் பாறையில் மோதவிட்டு, கரை ஒதுங்குவதைக் கொள்ளையடித்துப் பிழைக்கிறது. கடவுள் கொடுத்தது என்று அதற்கு நியாயமும் பேசுகிறது. போதகரின் மனைவி தீர்ஸாவும் அவளுடைய காதலன் மார்க்கும் ரகசியமாகத் தீ மூட்டிக் கப்பல்களை எச்சரிக்கிறார்கள். ஊர் அவர்களைக் குகையில் அடைத்து, ஏறிவரும் கடலுக்குக் கொடுத்துவிடுகிறது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. மறக்கப்பட்ட ஓபரா என்றதும், "நல்லா இருந்தா ஏன் மறந்திருப்பாங்க?" என்று கேட்காத ஆள் கிடையாது. பல சமயம் பதில் சப்பென்று இருக்கும்: வாசிக்கத் தாள் இல்லை. முழு ஸ்கோர் ஏதோ ஒரு நூலகப் பெட்டியில் கிடக்கும். வாத்தியத் தாள்களில் பாதி தொலைந்து, மீதி கிறுக்கலோடு இருக்கும். ஓர் ஓபராவின் தாள்களை முழுதாக அச்சடிப்பது செலவான வேலை. நாலு ஊரில் போடுவார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பதிப்பாளர் கைவைப்பார். பெண் எழுதியதற்கு அந்த நம்பிக்கை அரிதாகவே கிடைத்தது.

நான் பாடுகிறவன் இல்லை. பழைய ஸ்கோரைப் பார்த்துக் கணினியில் ஏற்றித் தாள் தயாரிக்கிறவன். அதனால் இந்த வழிகாட்டி கொஞ்சம் தாள் பக்கமாகவே சாயும். சிறிய பாட்டுக்குழு, கல்லூரி இசைத்துறை, ஊர் ஆர்கெஸ்ட்ரா என்று ஏதோ ஒன்றில் இருந்துகொண்டு, பெண் எழுதி மறந்துபோன இப்படி ஓர் ஓபராவைச் செய்து பார்க்கலாமே என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நாலு சொல்லை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எல்லா வாத்தியமும் குரலும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பது முழு ஸ்கோர், அது கண்டக்டருக்கு. ஒவ்வொருவரும் தன் வரியை மட்டும் பார்த்து வாசிப்பது வாத்தியத் தாள். பாடகர்கள் பழகுவதற்காக ஆர்கெஸ்ட்ராவைப் பியானோவுக்குச் சுருக்கியது பியானோ ஸ்கோர். பாட்டின் வார்த்தைகள் மட்டும் லிப்ரெட்டோ. கண்டக்டர் என்றால் விசிலும் டிக்கெட்டும் நினைவுக்கு வருவதை என்னாலும் தடுக்க முடியாது, இசை நடத்துநர் என்று எழுதினாலும் அதே பஸ்தான்.

எதை எடுப்பது

புகழை வைத்து எடுக்காதீர்கள், அளவை வைத்து எடுங்கள். 'தி ரெக்கர்ஸ்' அருமையான ஓபரா, ஆனால் முதல் முயற்சிக்கு அது யானை. எட்டுத் தனிப்பாடகர்கள், பெரிய ஆர்கெஸ்ட்ரா, கதையின் முக்கியப் பாத்திரமே ஊர்மக்களாக வரும் கோரஸ்தான் என்பதால் நன்றாகப் பழகிய பெரிய பாட்டுக்குழு. இதற்கு ஆள் சேர்த்தால் ஊர் கூடித் தேர் இழுப்பதுதான்.

புதியவர்களுக்கு நான் சொல்வது பௌலின் வியார்தோ என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரின் 'சாந்த்ரியோ'. சின்ட்ரெல்லா கதை. ஏழு பாடகர்கள், ஒரு பியானோ, முடிந்தது. 1904இல் பாரிஸில் ஒரு வீட்டு வரவேற்பறையில் முதலில் பாடினார்கள், அப்போது அவருக்கு வயது 82. வார்த்தைகளும் அவருடையவையே. ஆர்கெஸ்ட்ரா தாள் என்ற தலைவலியே இல்லை. இதில் ஒருமுறை கை பழகிய பிறகு பெரியதைத் தொடலாம்.

இன்னும் பழையது வேண்டுமென்றால் ஃபிரான்செஸ்கா காச்சினியின் 'லா லிபரட்ஸியோனே தி ருஜியேரோ', ஃபுளோரன்ஸில் 1625இல் நடந்தது. அதே ஆண்டில் அச்சானதால்தான் இன்று நம் கையில் இருக்கிறது. அவர் மேடைக்காக எழுதிய மற்றவை அச்சாகாமல் காணாமல் போயின. ஆனால் அந்தக் காலத்து அச்சில் பாட்டு வரியும் அடியில் தாழ்ந்த ஸ்வரங்களுக்கான ஒரு பாஸ் வரியும்தான் பெரும்பாலும் இருக்கும். நடுவில் நிரப்புவது வாசிப்பவர் பொறுப்பு. பழைய இசை தெரிந்த ஒருவர் உடன் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

தேடுவது

பெயரில்தான் முதல் சிக்கல். பெண்களின் படைப்புகள் நூலகப் பட்டியல்களில் ஒரே பெயரில் இருக்காது. கணவர் பெயரோடு ஒன்று, பிறந்த வீட்டுப் பெயரோடு ஒன்று, முதலெழுத்து மட்டும் போட்டு ஒன்று. ஒகுஸ்தா ஓல்மேஸ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் இளவயதில் ஹெர்மன் ஸென்டா என்று ஆண் பெயரில் வெளியிட்டிருக்கிறார். வியார்தோவைத் தேடும்போது கார்ஸியா என்ற குடும்பப் பெயரையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள்.

தலைப்பும் அப்படித்தான். ஸ்மைத்தின் ஓபராவுக்கு ஹென்றி ப்ரூஸ்டர் வார்த்தைகளை எழுதியது பிரெஞ்சில், 'லே நோஃப்ராழர்'. லைப்சிக்கில் ஜெர்மனில் 'ஷ்ட்ராண்ட்ரெக்ட்' என்று அரங்கேறியது. பிறகுதான் ஆங்கிலத்தில் 'தி ரெக்கர்ஸ்'. ஒரு மொழியில் மட்டும் தேடிவிட்டு ஒன்றும் கிடைக்கவில்லை என்று மூடிவிட்டால் முக்கால்வாசியை விட்டுவிடுவீர்கள்.

முதலில் ஐ.எம்.எஸ்.எல்.பி. தளம். பழைய பியானோ ஸ்கோர்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கும். அடுத்து பிரான்ஸ் தேசிய நூலகத்தின் இணைய நூலகமான காலிக்கா. கையெழுத்துப் பிரதி எந்த ஊர் நூலகத்தில் இருக்கிறது என்பதைப் பார்க்க ரிஸ்ம் பட்டியல். ஸ்மைத்தின் கையெழுத்துப் பிரதிகள் பலவும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பியானோ ஸ்கோர் கிடைத்த மகிழ்ச்சியில் தேதி குறித்துவிடாதீர்கள். எல்லாருக்கும் கிடைப்பது அதுதான். முழு ஸ்கோர் எங்கே இருக்கிறது என்று தெரிகிறவரை ஓபரா உங்கள் கையில் இல்லை.

நேரில் போய்ப் பார்க்க முடிந்தால் போங்கள். பேனா உள்ளே விடமாட்டார்கள், பென்சில்தான். ஸ்கேனில் தெரியாத இரண்டு விஷயம் நேரில் தெரியும்: ஒட்டிய தாளுக்கு அடியில் எழுத்து இருக்கிறதா, பிற்காலத் திருத்தம் வேறு மையா என்பது.

உரிமை

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 70 ஆண்டுகள், இந்தியாவில் 60. ஸ்மைத் 1944இல் இறந்ததால் 2015 முதல் அங்கே தடையில்லை. ப்ரூஸ்டர் 1908லேயே இறந்துவிட்டார். இசையமைப்பாளரை மட்டும் பார்த்து, வார்த்தை எழுதியவரையும் மொழிபெயர்த்தவரையும் மறந்துவிடுவது பலரும் செய்கிற தவறு. பழைய இசைக்கு இன்று ஒருவர் தயாரித்த புதிய பதிப்பு இருந்தால் அதற்குத் தனி உரிமை இருக்கும். அதைப் பிரதி எடுக்கக் கூடாது, வாடகைக்கு வாங்க வேண்டும். வாங்க முடிகிற நிலையில் நல்ல பதிப்பு இருந்தால் அதையே வாங்குங்கள். அடுத்து வரும் வேலையில் பாதி மிச்சம்.

தாள் தயாரிப்பது

பதிப்பு இல்லை என்றால் நீங்களே செய்ய வேண்டும். நேரமெல்லாம் இங்கேதான் போகும்.

மென்பொருளுக்கு மியூஸ்ஸ்கோர் போதும், இலவசம். சிபேலியஸோ டோரிகோவோ ஏற்கெனவே பழகியிருந்தால் அதிலேயே செய்யுங்கள். ஃபினாலேயை மட்டும் புதிதாகத் தொடங்காதீர்கள், 2024 ஆகஸ்டில் அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டார்கள்.

உட்கார்ந்ததும் தட்டச்சு ஆரம்பிக்க வேண்டாம். முதலில் பார்களை எண்ணுங்கள். தாளத்துக்கு ஆவர்த்தனம் போல, இங்கே கோடு போட்டுப் பிரித்த ஒவ்வொரு அறையும் ஒரு பார். முழு ஸ்கோரில் ஒரு காட்சிக்கு எத்தனை பார், பியானோ ஸ்கோரில் எத்தனை, கிடைத்த வாத்தியத் தாள்களில் எத்தனை என்று ஒரு அட்டவணை போடுங்கள். எண்கள் பொருந்தாது. பொருந்தாத இடத்தில்தான் கதை இருக்கிறது: அங்கே யாரோ வெட்டியிருக்கிறார்கள், அல்லது இசையமைப்பாளர் பின்னால் மாற்றியிருக்கிறார்.

வெட்டைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. பழைய தாள்களில் ஓரிடத்தில் 'வி' என்று பெரிதாக எழுதியிருக்கும், சில பக்கம் தள்ளி 'டே' என்று இருக்கும். 'விடே' என்ற லத்தீன் சொல்லை இரண்டாகப் பிளந்து போட்டது. வி-யிலிருந்து டே-க்குத் தாவு என்று அர்த்தம். யாரோ மிரட்டிக் கூப்பிடுவதுபோல் இருக்கும் அந்த 'டே'யை முதலில் பார்த்தபோது நான் தனியாகச் சிரித்தேன். சில தாள்களில் வெட்டிய பக்கங்களை நூல் போட்டுத் தைத்தே வைத்திருப்பார்கள். அவசரத்துக்கு வெட்டியதையும், இசையமைப்பாளரே விரும்பி நீக்கியதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். முதல் வகையைத் திரும்பச் சேருங்கள். இரண்டாவதைத் தனியாக எடுத்துவைத்து, கண்டக்டரோடு உட்கார்ந்து முடிவெடுங்கள்.

பிறகு தட்டச்சு, பிறகு பிழை திருத்தம். பிழை திருத்தம் என்றால் எவ்வளவு சின்ன விஷயம் காலை வாரும் என்பதற்கு என் கதையையே சொல்கிறேன். அந்தக் காலத்துக் கிளாரினெட்காரர் இரண்டு வாத்தியம் வைத்திருப்பார், ஒன்று ஏ சுருதி, மற்றது பி ஃபிளாட் சுருதி. தாளில் ஒரே ஸ்வரம் எழுதியிருந்தாலும் இரண்டிலும் அரை ஸ்வரம் வித்தியாசத்தில் கேட்கும். நம் கணக்கில் ஸட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் உள்ள தூரம். எங்கே வாத்தியத்தை மாற்ற வேண்டும் என்று ஸ்கோரின் ஓரத்தில் ஒரே ஒரு சொல் இருக்கும். நான் முதலில் ஏற்றியது ஒரு சிறிய பிரெஞ்சு ஓரங்க ஓபரா. அதில் அந்தச் சொல் பைண்டிங் மடிப்புக்குள் போய்விட்டது, ஸ்கேனில் விழவில்லை. நானும் கவனிக்காமல் பி ஃபிளாட்டிலேயே விட்டுவிட்டேன்.

ஒத்திகையில் அந்த இடம் வந்தது. சோப்ரானோ பாடகி மெதுவாகப் பாட, கீழே வயலின்கள் நீட்டிப் பிடிக்க, கிளாரினெட் மட்டும் ஒரு காட்சி முழுக்க அரை ஸ்வரம் மேலே நின்றது. யாரும் நிறுத்தவில்லை. முடிந்ததும் ஒரு செல்லோக்காரர், "காலத்துக்கு முந்தி எழுதியிருக்காங்க போல" என்றார். இன்னொருவர், "இல்லை, ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதத் தெரியலை" என்றார். பிழை என்னுடையது என்று தெரிய எனக்கு இரண்டு நாள் ஆனது.

பீத்தோவன் தாளில் இப்படி ஒன்று வந்தால் எல்லாரும் தாளைத்தான் சந்தேகப்படுவார்கள். பெயர் கேள்விப்படாத ஒரு பெண் எழுதியதில் வந்தால் அவரைச் சந்தேகப்படுவார்கள். நீங்கள் விடுகிற ஒவ்வொரு பிழையும் அவர் கணக்கில் எழுதப்படும். அதனால் திருத்தத்தை ஒருவரே செய்யாதீர்கள். ஒருவர் மூலத்தைப் பார்த்து வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் புதியதில் சரிபார்க்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஒரு நாளைக்கு இரண்டு மணிநேரத்துக்கு மேல் செய்தால் கண் பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

எதை மாற்றினாலும் ஒரு நோட்டில் குறியுங்கள்: எந்த அங்கம், எந்த பார், மூலத்தில் என்ன இருந்தது, நீங்கள் என்ன போட்டீர்கள், ஏன். வாத்தியத் தாளில் பக்கம் திருப்பும் இடம் ஓய்வில் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நீண்ட ஓய்வு முடியும் இடத்தில், அதற்கு முன் வேறு வாத்தியம் என்ன வாசிக்கிறது என்பதைச் சின்ன எழுத்தில் போட்டுவிடுங்கள். 40 பார் சும்மா இருந்தவருக்கு அந்த ஒரு வரிதான் துணை.

எந்த மொழியில்

'தி ரெக்கர்ஸ்' நெடுங்காலம் ஆங்கிலத்திலேயே பாடப்பட்டது. 1994இல் லண்டன் புரோம்ஸ் இசைவிழாவில் ஒடலீன் தெ லா மார்ட்டினெஸ் நடத்தியதும் ஆங்கிலத்தில்தான். 2022இல் கிளைண்ட்போர்ன் விழாவில் ராபின் டிச்சியாட்டி நடத்தியபோது பிரெஞ்சுக்குத் திரும்பினார்கள், வெட்டுகளையும் சேர்த்துப் போட்டார்கள். எழுதும்போது இசை எந்தச் சொல்லின்மேல் உட்கார்ந்ததோ அந்தச் சொல்லோடு பாடினால் வரியின் வளைவு இயல்பாக விழும், அது உண்மைதான். ஆனால் உங்கள் பாட்டுக்குழுவுக்குப் பிரெஞ்சு வாயில் நுழையாது என்றால் வீம்பு வேண்டாம். ஸ்மைத்தே ஆங்கில வடிவத்தில் பங்கெடுத்தவர்தான்.

முதலில் கச்சேரி, பிறகு நாடகம்

நேராக மேடை, உடை, விளக்கு என்று போகாதீர்கள். முதலில் ஒரு அறை, ஒரு பியானோ, கையில் ஸ்கோரோடு பாடகர்கள். எங்கே இழுக்கிறது, எங்கே நிற்கிறது என்று அன்றைக்கே தெரியும். கோரஸ் கிடைக்காவிட்டால் நாலு பேரை வைத்தாவது அந்த இடத்தைப் பாடிப் பாருங்கள்.

அடுத்து கச்சேரி வடிவம்: நடிப்பில்லை, ஆர்கெஸ்ட்ரா மேடையிலேயே. பெரியவர்களும் இந்த வழியில்தான் போகிறார்கள். ஸ்மைத்துக்கு லண்டனில் முதலில் கிடைத்தது 1908இல் ஆர்தர் நிகிஷ் நடத்திய முதல் இரண்டு அங்கங்களின் கச்சேரி. 1909இல் தாமஸ் பீச்சம் நாடகமாக நடத்தினார், அதற்குப் பணம் கொடுத்தது மேரி டாட்ஜ் என்ற அமெரிக்கத் தோழி. லூயிஸ் பெர்தாங் எழுதிய 'ஃபாஸ்டோ' 1831இல் பாரிஸில் மூன்றே முறை நடந்து நின்றுபோனது. 2023 ஜூனில் கிறிஸ்தோஃப் ரூசே அதைக் கச்சேரியாக நடத்தினார். ஏழு மாதத்தில், 2024 ஜனவரியில், ஜெர்மனியின் எசன் நகர அரங்கம் முழு நாடகமாகப் போட்டது. தாள் தயாராக இருந்தால் அடுத்தவர் வருவார்.

அதற்கும் கையில்லை என்றால் ஒரு துண்டை மட்டும் எடுங்கள். 'தி ரெக்கர்ஸ்' ஓபராவின் முன்னுரை இசையும், இரண்டாம் அங்கத்தின் தொடக்க இசையும் தனியாகவே வாசிக்கப்படுபவை. ஊர் ஆர்கெஸ்ட்ராவுக்கு அது போதும். வாத்தியக்காரர்களுக்கு அந்த இசை பிடித்துவிட்டால் மீதியை அவர்களே கேட்பார்கள்.

ஆர்கெஸ்ட்ராவும் பாடகர்களும் முதன்முதலாக ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் ஒத்திகைக்கு ஸிட்ஸ்புரோபே என்று பெயர். நடிப்பு கிடையாது, உட்கார்ந்தே பாடுவார்கள். தெரிந்த ஓபராவுக்கு ஒரு தடவை போதும். இதற்கு இரண்டாவது வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் இந்த இசை காதில் இல்லை, கேட்டுப் பழகப் பதிவும் இருக்காது. முதல் தடவை பாதி நேரம் பிழை கண்டுபிடிப்பதிலேயே போய்விடும். தாள் தயாரித்தவர் அன்றைக்கு அவசியம் அங்கே இருக்க வேண்டும், திட்டு வாங்குவதற்காகவாவது.

என்ன சொல்லி அழைப்பது

ஸ்மைத் என்றால் எல்லாரும் சொல்வது பல் துலக்கும் பிரஷ் கதை. பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்தில் 1912இல் ஹாலோவே சிறையில் இருந்தபோது, கீழே முற்றத்தில் பாடிய தோழிகளுக்குச் சன்னல் வழியாகப் பிரஷ்ஷை ஆட்டித் தாளம் கொடுத்தாராம். நல்ல கதைதான். ஆனால் அந்தப் பிரஷ் அவருடைய ஆறு ஓபராக்களையும் மறைத்துவிட்டது என்பது என் வருத்தம். 'முதல் பெண்' என்ற வரியும் அப்படித்தான். அவருடைய 'டேர் வால்ட்' 1903இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கில் நடந்தது, அங்கே ஒரு பெண் எழுதியதில் அதுதான் முதல். அங்கே அடுத்து ஒரு பெண்ணின் ஓபரா வந்தது 2016 டிசம்பரில், காயா சாரியாஹோ எழுதியது. இதைச் சிற்றேட்டில் ஒரு பத்தியில் சொல்லுங்கள். சுவரொட்டியில் கதையைப் போடுங்கள்: விளக்கை அணைக்கும் ஊர், தீ மூட்டும் இரண்டு பேர். டிக்கெட் வாங்குகிறவருக்கு அன்றிரவு என்ன பார்க்கப் போகிறோம் என்று தெரிய வேண்டும்.

முடிந்த பிறகு

கடைசி நாள், திரை விழுந்த உடனே, பூங்கொத்துக்கும் போட்டோவுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒருவர் வெறும் அட்டைப்பெட்டியோடு ஆர்கெஸ்ட்ரா குழியின் வாசலில் நிற்க வேண்டும். ஒருவரையும் தாளோடு வெளியே விடக்கூடாது. வில் எப்படி இழுப்பது, எங்கே மூச்சு, எந்த ஸ்வரம் தவறு என்று வாத்தியக்காரர்கள் பென்சிலில் போட்ட குறிகள் எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. அடுத்த வாரமே உட்கார்ந்து அவற்றைக் கணினிப் பிரதியில் ஏற்றுங்கள். திருத்த நோட்டு, ஒலிப்பதிவு எல்லாம் சேர்த்து மூன்று இடத்தில் வையுங்கள், ஒன்று உங்கள் வீட்டுக்கு வெளியே, முடிந்தால் ஒரு நூலகத்தில். எழுதிக் கேட்பவருக்குக் கொடுக்கத் தயார் என்பதையும் அதிலேயே போட்டுவிடுங்கள்.

பெட்டியை மூடுமுன் எண்ணிப் பாருங்கள். இரண்டாம் வயலின் தாள் ஒன்று குறையும். எப்போதும் குறையும். அன்றிரவே போன் போட்டுவிடுங்கள்.